காரியின் ஆறாத சிறகு

மருதமரங்கள் சூழ்ந்த குளம் ஒன்றின் கரையில் காரி என்ற கரிச்சான் குருவி பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது சிறகு கற்றாழை நாரால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கரையெங்கும் விலங்குகளும் பறவைகளும் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கு மேல்கிளையில் செம்முகன் என்ற குரங்கு கால்மேல் கால் போட்டு அமர்ந்து, யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காட்டில் காரியைப் போலப் பெயர் வாங்கிய பாடகி வேறு யாரும் இல்லை. வெயில் சாயத் தொடங்கினால் போதும், கூட்டம் கூடிவிடும். அதற்கு முன்பே பச்சையன் என்ற கிளி மரத்துக்கு மரம் பறந்து, "ஒற்றைச் சிறகுக் காரி பாடுகிறாள், வந்து கேளுங்கள்! கல்நெஞ்சும் கரையும்!" என்று கத்திவிட்டு வருவான். வருகிறவர்கள் வெறுமனே வரமாட்டார்கள். அணில்கள் அத்திப்பழம் கொண்டுவரும். கரடி தேனடை கொண்டுவரும். செம்முகன் எல்லாவற்றையும் வாங்கித் தன் மரப்பொந்தில் வைத்துக்கொள்வான். பழம் தின்னாத காரிக்கு நாலைந்து வெட்டுக்கிளிகளைத் தள்ளிவிடுவான்.

பாட்டுக்கு முன்னால் அவன் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம்.

"இவள் வலியன் குலத்தில் பிறந்தவள். வலியன் என்றால் என்ன? வலியைத் தாங்கப் பிறந்தவன். பெயரிலேயே வலி இருக்கிறது பாருங்கள்."

கரிச்சானுக்கு வலியன் என்று இன்னொரு பெயர் உண்டு. காட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். ஆனால் செம்முகன் இப்படி விளக்கம் சொன்ன பிறகு, அதற்கு வேறு பொருள் இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. காரியும் யோசிக்கவில்லை.

கூட்டத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. காரியின் சிறகு ஆறி வெகுகாலம் ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சூறைக்காற்று அவளைத் தூக்கி மரத்தில் அடித்தது. சிறகு பிசகிக் கீழே கிடந்தாள். அவளை எடுத்துக் கிளையில் உட்காரவைத்து, நார் கிழித்துக் கட்டுப் போட்டவன் செம்முகன்தான். நன்றாகவே கட்டினான். அதை மறுக்க முடியாது. வலி தாங்காமல் அவள் முனகினாள். கரிச்சான்களுக்கு எந்தப் பறவையின் குரலும் வரும். அந்த முனகலில் குயிலின் கூவலும் புறாவின் விம்மலும் கலந்து வந்தன. அந்த வழியே போன புள்ளிமான் ஒன்று நின்று கேட்டது. அழுதது. வாயில் கவ்வியிருந்த நாவல் கொத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனது. செம்முகன் நாவல் பழத்தைப் பார்த்தான். மான் போன திசையைப் பார்த்தான். பிறகு குருவியை வெகுநேரம் பார்த்தான்.

அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குளத்து நீரில் வாயை நனைத்து ஒரு வாக்குக் கொடுத்தால் அதற்கு 'நனைத்த சொல்' என்று பெயர். நனைத்த சொல்லை மீறியவர் பிறகு அந்தக் குளத்தில் நீர் குடிக்க முடியாது. மற்றவர்கள் விடமாட்டார்கள். கோடையிலும் வற்றாத குளம் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். அதனால் யாரும் மீறியதில்லை.

செம்முகன் ஓர் இலையில் நீர் மொண்டு வந்தான். காரி அலகை நனைத்து, அவன் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்: "சிறகு ஆறிவிட்டது என்று செம்முகன் சொல்லும்வரை இந்தக் கிளையை விட்டு நகரமாட்டேன். வேறெங்கும் பாடமாட்டேன்."

சொல்லும்போது அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. கட்டுப் போட்டவன்தானே ஆறியதா இல்லையா என்று சொல்ல வேண்டும்?

சில நாளில் வலி நின்றுவிட்டது. கட்டை அவிழ்க்கலாமா என்று கேட்டாள். செம்முகன் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னும் ஆறவில்லை என்றான். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆறவில்லை. கொஞ்ச நாளில் அவன் அழுத்திப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டான். அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் கூட்டம் பெருகியிருந்தது. அவள் பெயரைச் சொன்னாலே காடு உச்சுக்கொட்டியது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடுகள் வந்தன. வாலை விரிக்காதே, திமிராகத் தெரியும். நிமிர்ந்து பார்க்காதே, தரையைப் பார். உன் இனத்துக் கரகரப்பான கத்தல் இருக்கிறதே, அது தப்பித் தவறியும் வெளியே வரக்கூடாது. அதைக் கேட்டால் யாருக்காவது அழுகை வருமா? காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாளடைவில் குயிலும் புறாவும் கலந்த அந்தக் குரலே தன் குரல் என்று நம்பத் தொடங்கினாள்.

ஒரு நாள் அவள் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு வல்லூறு குளத்துக்கு மேலே தாழப் பறந்து போனது. அதன் நிழல் விழுந்ததும் கட்டுக்குள் இருந்த சிறகு வெடுக்கென்று உதறியது. காரி உடனே அதை அடக்கிக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு மைனா மட்டும் அதைப் பார்த்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் மைனா தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. "ஏன் செம்முகா, ஒடிஞ்ச சிறகு இப்படித் துடிக்குமா? நீ வேணா கொஞ்சம் அவிழ்த்துக் காட்டேன். நாங்களும் பார்த்து அழுதுட்டுப் போறோம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ மைனாவை அதட்டினார்கள். யாரோ, காட்டினால்தான் என்ன என்றார்கள். செம்முகன் சிரித்தான். நாளைக்கு இதே நேரம் எல்லார் முன்னாலும் கட்டை அவிழ்த்துக் காட்டுவதாகச் சொன்னான். அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. 

கூட்டம் கலைந்ததும் அவன் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு பெரிய தும்பியைப் பிடித்து அவள் முன்னால் வைத்தான். அவ்வளவு நல்ல தும்பியை அவன் அதுவரை கொடுத்ததில்லை.

"இந்தா பாரு கண்ணு, பொய் சொல்றோம், பொய் சொல்றோம்னு உனக்கு மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கு. இல்லேன்னு சொல்லாதே. எனக்கும் அது தெரியும்."

காரி தரையைப் பார்த்தாள்.

"அதை உண்மையாக்கிட்டா அப்புறம் பொய்யே இல்லையே. ஒரு நொடிதான். கையில பிடிச்சு ஒரு திருப்பு. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் அவிழ்த்துக் காட்டலாம். நீயும் நிம்மதியாப் பாடலாம்."

"அண்ணே" என்றாள் காரி. 

"இப்ப வேண்டாம். இப்ப தண்ணி குடிக்க ஆளுங்க வந்து போற நேரம். நாளைக்கு மத்தியானம் செய்யலாம். எல்லாரும் நிழலைத் தேடிப் படுத்துடுவாங்க. சத்தம் கேக்காது."

தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அவன் மேலே ஏறிப் போனான். காரி அந்தத் தும்பியைத் தொடவில்லை. பறந்து போனால் நனைத்த சொல்லை மீறியவள் ஆவாள். கோடை தொடங்கிவிட்டது. வேறு தண்ணீர் எங்கும் இல்லை. கிளையிலேயே இருந்தால் நாளை மத்தியானத்துக்குப் பிறகு அவள் எப்போதுமே பறக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் வழி இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், அவன் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் அவளுக்குத் தோன்றியது. உண்மையாகவே ஒடிந்துவிட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

மறுநாள் காலையில் முதலில் வந்தவள் ஒரு மணிப்புறா. தினமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறவள். அன்றைக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிட்டே வந்து, கொண்டுவந்த புல்விதைகளைக் கிளையில் வைத்தாள். தன் முட்டைகளைக் காக்கை தின்றுவிட்டது என்று சொன்னாள். இரண்டு முறை கூடு கட்டி, இரண்டு முறையும் அப்படியே ஆயிற்றாம். இனிக் கட்டப் போவதில்லையாம்.

"உன் சிறகும் திரும்பி வராது. என் முட்டையும் திரும்பி வராது. உன் பாட்டைக் கேட்டால் எனக்குத் துணை இருக்கிற மாதிரி இருக்கு. அதைத்தான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

அவள் போன பிறகு காரி அந்த விதைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செம்முகன் பழம் பறிக்கப் போயிருந்தான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவான்.

கிளைக்கு நேர் கீழே தண்ணீர் கலங்கியது. மேதி என்ற எருமை சேற்றிலிருந்து எழுந்து, மூக்கு மட்டும் தெரிய மிதந்து வந்தாள். மேதி கன்றாக இருந்தபோது காரி பறக்கப் பழகிக்கொண்டிருந்த குஞ்சு. மேதியின் முதுகில் ஏறி உட்கார்ந்து பூச்சி பிடித்து வளர்ந்தவள். புகழ் வந்த பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. செம்முகன் அதை அனுமதிக்கவில்லை. எருமையோடு பழகினால் பாடகிக்கு மரியாதை இல்லையாம்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? பாட்டு இல்லாத நேரத்திலயுமா அழுவாங்க?" என்று கேட்டாள் மேதி.

காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டு, ஒருவேளை செம்முகன் சொல்வதுதான் சரியோ, வலியனாகப் பிறந்தவள் வலியைத் தாங்கத்தானே வேண்டும் என்றும் சொன்னாள்.

மேதி காதை ஆட்டி ஓர் ஈயை விரட்டினாள்.

"உங்கம்மா என் முதுகுல உக்காந்துக்கிட்டுப் பருந்தைத் துரத்துவா. ஞாபகம் இருக்கா? தன்னைப் போல நாலு மடங்கு இருக்கும், அதைப் போய்க் கொத்துவா. அவளையும் வலியன்னுதான் சொன்னாங்க. அவளுக்கு எங்கடி வலிச்சது?"

காரி தலையைத் தூக்கினாள். 

"வலின்னா பலம்னும் ஒரு அர்த்தம் இருக்கு. அதனாலதான் உங்களுக்கு அந்தப் பேரு. எருமை எனக்கே தெரியுது. காடே உக்காந்து கேக்குது, ஒருத்தருக்கும் தெரியலை. நல்லாத்தான் பாடினே போ."

 இவ்வளவு நாளும் காரி பாதிப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள்.

பிறகு இருவரும் வேகமாக யோசித்தார்கள். யோசிக்க நேரம் குறைவு. மேதி ஒரு வழி சொன்னாள். உனக்குத்தான் எல்லார் குரலும் வருமே, செம்முகன் குரலில் 'ஆறிவிட்டது' என்று சொல்லிவிட்டுப் பறந்து போ என்றாள். காரி சொல்லிப் பார்த்தாள். அச்சு அசலாக இருந்தது. மேதி திடுக்கிட்டு மேல்கிளையை நிமிர்ந்து பார்த்தாள், அவன்தான் வந்துவிட்டானோ என்று.

ஆனால் காரி தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் மேதி. இன்னொருத்தர் குரல்ல பாடித்தான் இங்கே மாட்டிக்கிட்டேன். அதே மாதிரி வெளியே போனா, நான் எங்கேயும் போகலைன்னு அர்த்தம். அவன் வாயாலேயே சொல்லணும்."

"அவன் எதுக்குடி சொல்லுவான்?"

"சொல்லாம இருக்க முடியாத மாதிரி பண்ணணும். முதல்ல இந்தக் கட்டை அவிழ்த்து விடு."

கட்டின் முடிச்சு முதுகின் நடுவில் இருந்தது. அவள் அலகு எட்டாத இடம் பார்த்துத்தான் செம்முகன் அதைப் போட்டிருந்தான். மேதி கழுத்தை நீட்டினாள். கிளை தாழ்வானது. அவளுடைய பெரிய ஈர மூக்கு காரியின் முதுகில் வந்து முட்டியது.

"மூச்சை இழுத்துக்கிட்டு அசையாம இரு. எனக்கு வாயில என்ன இருக்குன்னு பார்த்து மெல்லுற பழக்கம் இல்லை. நாருக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாது."

காரி கண்ணை மூடிக்கொண்டாள். சூடான மூச்சு அவளைச் சுற்றிலும் வீசியது. சொரசொரப்பான நாக்கு இறகுகளை ஒதுக்கியது. பல் ஒரு முறை தோலில் உரசியது. அவள் கத்தவில்லை. தூரத்தில் கிளைகள் அசையும் ஓசை கேட்டது. செம்முகன் திரும்பிக்கொண்டிருந்தான். மேதி அவசரப்படவில்லை. அவளுக்கு அவசரப்படத் தெரியாது. ஒரு கடி, இன்னொரு கடி. நார் அறுந்தது.

"கசக்குது" என்று துப்பினாள் மேதி.

காரி சிறகை அசைத்துப் பார்த்தாள். மரத்துப் போயிருந்தது. வேறு யாருடைய சிறகோ போல இருந்தது. ஆனால் அது அசைந்தது.

பிறகு அவள் வாலை விரித்தாள். நிமிர்ந்தாள். தொண்டையைத் திறந்து, இத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த தன் இனத்துக் கத்தலைக் கத்தினாள். உடைந்த கொம்பைப் பாறையில் தேய்த்தது போல அது குளத்தின் மேல் கிறீச்சிட்டது. ஆபத்து வரும்போது கரிச்சான்கள் எழுப்பும் கத்தல் அது. அதைக் கேட்டால் காட்டில் யாரும் படுத்திருக்கமாட்டார்கள். மான்கள் புதரிலிருந்து எழுந்து ஓடி வந்தன. கரடி வந்தது. அணில்களும் மைனாக்களும் வந்தன. மணிப்புறாவும் வந்தாள். ஆபத்து எங்கே, எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள்.

செம்முகன் கன்னம் நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு மேல்கிளையில் குதித்தான். கீழே தொங்கிய நாரைப் பார்த்தான். அதற்குள் காரி கிளையை விட்டு ஒரு நகமளவும் நகராமல், இடது சிறகை முழுவதுமாக விரித்துக் காட்டினாள். வெயிலில் அது நீலம் கலந்த கறுப்பாகப் பளபளத்தது. ஓர் ஒடிவும் இல்லை. ஒரு கோணலும் இல்லை.



"நான் அப்பவே சொன்னேன்ல" என்றது மைனா, மெதுவாக.

எல்லார் கண்களும் செம்முகன் மேல் திரும்பின. அவனுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. சிறகு ஒடியவே இல்லை என்றால் அவன் ஏமாற்றுக்காரன். இப்போதுதான் ஆறியது என்றால் அவன் பெரிய வைத்தியன். கரடியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. செம்முகன் பழத்தை மடக்கென்று விழுங்கினான்.

"ஆறிவிட்டது!" என்று கைகளைத் தூக்கிக் கத்தினான். "பாருங்கள், என் கைப்பக்குவத்தைப் பாருங்கள்! ஆறாது என்று எல்லாரும் கைவிட்ட சிறகு ஆறிவிட்டது!"

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை அண்ணே" என்றாள் காரி.

அவன் இன்னும் உரக்கச் சொன்னான். பச்சையன் கிளி வழக்கம்போல அதைத் தூக்கிக்கொண்டு, "ஆறிவிட்டது, செம்முகன் சொல்கிறார், ஆறிவிட்டது!" என்று குளத்தைச் சுற்றிப் பறந்தான்.

கூட்டம் ஆரவாரித்தது. மான்கள் துள்ளின. செம்முகன் கிளையில் சறுக்கி இறங்கி வந்து, காரியின் காதோரம் பல்லைக் காட்டிக்கொண்டே முணுமுணுத்தான். "நீ இவ்வளவு கெட்டிக்காரின்னு தெரியாமப் போச்சே. இது அதை விடப் பெரிசு. தினமும் கட்டுவோம், தினமும் அவிழ்ப்போம். அதிசயம்னா பக்கத்துக் காட்டிலிருந்தும் வருவாங்க."

 காரி இனி அவனுக்குக் கட்டுப்பட்டவள் அல்ல. இப்படியே சிறகடித்துப் போய்விடலாம். காடு முழுவதும் அவளைக் கொண்டாடும். யாரும் அவளை ஒரு குறையும் சொல்லப் போவதில்லை.

அப்போது மணிப்புறாவின் முகம் கண்ணில் பட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே ஆறிவிட்டது என்றால் எனக்கும் ஏதாவது நல்லது நடக்கும் என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் கேளுங்க" என்றாள். அது குயில் குரலும் இல்லை, புறாக் குரலும் இல்லை. கரகரத்த அந்தக் குரலை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "என் சிறகு இன்னைக்கு ஆறலை. போன மழை முடியறதுக்கு முன்னாடியே ஆறிடுச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பாடினேன். நீங்க அழுதது எனக்குப் பிடிச்சிருந்தது."

 முதலில் ஓர் அத்திப்பழம் வந்து அவள் மார்பில் பட்டது. பிறகு இன்னொன்று. கரடி உறுமியது. அது கொண்டுவந்து கொடுத்த தேனடைகளெல்லாம் அதற்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சூறைக்காற்றில் விழுந்தபோது அவளுக்குத் தலையில் அடிபட்டுவிட்டது, பாவம், உளறுகிறாள் என்று செம்முகன் கத்திப் பார்த்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஒரு காட்டுப்பன்றி முன்னால் வந்து, இவளை இந்தக் குளத்தில் இனி நீர் குடிக்க விடக்கூடாது என்றது. ஆமாம், ஆமாம் என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன.

மேதி தண்ணீரிலிருந்து எழுந்து நின்றாள். சேறு வழிந்த அந்தப் பெரிய உடம்பைப் பார்த்துச் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"அவ பொய் சொன்னா. அதுக்குத் திட்டுங்க, நானும் திட்டுறேன். ஆனா தண்ணிய மறிக்கணும்னா நனைத்த சொல்லை மீறியிருக்கணும். அவ கொடுத்த சொல் என்ன? ஆறிவிட்டதுன்னு செம்முகன் சொல்லும்வரை. அவன் சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். கிளியும் சொல்லுச்சு. அதுவரைக்கும் அவ அந்தக் கிளையை விட்டு நகர்ந்ததை யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பன்றி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்வாங்கியது.

காரி கிளையை விட்டாள்.

அழகாகப் பறக்கவில்லை. கட்டுண்டு கிடந்த சிறகு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீரை நோக்கி விழுந்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிறகை அடித்தாள். மறுபடியும் அடித்தாள். வயிறு தண்ணீரில் உரசியது. கடைசியில் எப்படியோ எம்பி, மேதியின் கொம்பில் மோதி, அவள் முதுகில் போய் விழுந்தாள்.

"மெதுவா" என்றாள் மேதி.

அதன் பிறகு காரியின் பாட்டைக் கேட்க யாரும் வரவில்லை. அவள் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செம்முகன் மீதும் கோபம் இருந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் பச்சையன் மறுபடியும் மரத்துக்கு மரம் பறந்தான். கண் தெரியாத மயில் ஆடுகிறது, வந்து பாருங்கள் என்றான். கூட்டம் போனது. அழுதது. பழம் கொடுத்தது.

காரி எருமையின் முதுகில் உட்கார்ந்து பூச்சி பிடித்தாள். தினமும் கொஞ்சம் தூரம் பறந்தாள். சில நேரம் அந்த ஆரவாரம் இல்லாதது அவளுக்கு வலித்தது. கூட்டம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு பூச்சி பிடிப்பதையும் மறந்துவிடுவாள். மேதி அப்போதெல்லாம் முதுகை ஆட்டாமல் நிற்பாள்.

ஒரு நாள் மணிப்புறா வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

"என் முட்டை போனதுக்கு உன் பாட்டைக் கேட்டுத்தான் அழுதேன். அந்த அழுகையும் பொய்யா? அதை மட்டும் சொல்லு."

"உன் அழுகை உன்னோடது. அது பொய் இல்லை. என்னோடதுதான் பொய்" என்றாள் காரி. "உனக்குத் துணையா இருக்கேன்னு நீ நினைச்சே. நான் இல்லை. அதுக்கு என்னை மன்னிக்க வேண்டாம். ஆனா இன்னொரு தடவை கூடு கட்டறதா இருந்தா, நான் இருக்கற மரத்துல கட்டு."

மணிப்புறா பறந்து போய்விட்டாள். வெகுநாள் வரவில்லை. பிறகு ஒரு காலையில் காரி இருந்த மரத்தின் கீழ்க்கிளையில் நாலு சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சுள்ளிகள். பிறகு இரண்டு வெள்ளை முட்டைகள்.

காக்கை வந்தது. அது வரும் என்று இருவருக்கும் தெரியும். கிளையில் உட்கார்ந்து, கூட்டைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது. மணிப்புறா முட்டைகள் மேல் உடம்பை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அப்போது மேலேயிருந்து அந்தக் கரகரத்த கத்தல் இறங்கியது. காரி காக்கையின் தலையில் கொத்தினாள், முதுகில் கொத்தினாள், அது குளத்தைத் தாண்டி, மருதமரங்களைத் தாண்டி, கண்ணுக்கு மறையும்வரை விடாமல் துரத்திக்கொண்டே போனாள். திரும்பி வந்து மேல்கிளையில் உட்கார்ந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. மணிப்புறா கண்ணைத் திறந்து, முட்டைகளை ஒன்று, இரண்டு என்று அலகால் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு தலையைத் தூக்கி, "அதை இன்னொரு தடவை பாடேன்" என்றாள்.

பிறர் இரக்கப்பட வேண்டும் என்பதற்காக ஒடிந்தவரைப் போல வாழ்கிறவர் ஒரு நாள் உண்மையாகவே ஒடிய நேரும். கைதட்டல் நின்றுபோனாலும் சொந்தக் குரலில் பேசுகிறவரே தனக்கும் பிறருக்கும் காவலாக நிற்க முடியும்.